"வயசு போனா மூச்சு வாங்கும்தானே" என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது 67. சொந்த இடம் பதுளைப் பக்கம் ஒரு தோட்டம். 17 வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சேர்ந்தேன். முதலில் மூட்டை தூக்கினேன், பிறகு ஸ்டோர் பொறுப்பு. செத்தல் மிளகாய், மல்லி, பருப்பு என்று 45 வருடம் அந்த ஸ்டோருக்குள்ளேயே போனது. இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். 18 வயதில் சிகரட் பழகி நாளுக்குப் பத்துப் பிடித்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு அடியோடு விட்டுவிட்டேன். 29 வயதில் காசநோய் வந்து, மருந்தை முழுவதும் எடுத்துச் சுகமானது. இரண்டு வருடமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டாம் மாடியில் நின்று ஆறித்தான் மேலே போகிறேன். காலையில் சளியும் இருக்கிறது. வீட்டில் "வயசு போனா அப்படித்தான்" என்கிறார்கள். என்னை விட அதிகம் பிடித்த சிநேகிதர் நன்றாக நடந்து திரிகிறார். செட்டியார் தெருவில் நகை வேலை செய்த என் மைத்துனர் வாழ்நாளில் சிகரட்டைத் தொட்டதில்லை, அவருக்கும் இதே கரைச்சல். சிகரட்டை விட்ட பிறகும் எனக்கு ஏன் இது வந்தது? இது தொய்வா (ஆஸ்துமாவா)? மூச்சுக்கு இழுக்கும் பம்ப் பழகினால் பிறகு விட முடியாது என்கிறார்களே? 34 வயது மகனும் சிகரட் பிடிக்கிறான். சொன்னால் "நீங்க பிடிக்கலையா" என்று கேட்கிறான்.

கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியவை ஸ்டோர் வேலையையும் தோட்டத்தையும் பற்றி நீங்கள் எழுதிய வரிகள்தான். மூச்சு வாங்குகிறது என்று வருகிற பெரியவர்கள் சிகரட் கதையை மட்டும் சொல்வார்கள். வைத்தியர்களும் பல நேரம் அதோடு கேள்வியை நிறுத்திக்கொள்வதுண்டு. உங்கள் மூச்சுக்கு என்ன நடந்தது என்று விளங்க வேண்டுமானால் பதுளையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை முழுவதையும் பார்க்க வேண்டும்.

முதலில் வயதைப் பேசிவிடுவோம். இருபதுகளின் நடுவில் நுரையீரலின் சக்தி உச்சத்தில் இருக்கும். அதன் பிறகு, ஒரு சிகரட்டும் பிடிக்காதவருக்குக்கூட, ஒரு வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலீற்றர் குறைந்துகொண்டே வரும். அது உண்மைதான். ஆனால் அன்றாடத் தேவைக்கு மேல் எவ்வளவோ மிச்சம் வைத்துத்தான் நுரையீரல் வளர்ந்திருக்கிறது. வேறு வருத்தம் இல்லாத 67 வயது மனிதர் தம் வேகத்தில் மூன்று மாடி ஏறிவிடுவார். மேலே போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நடு வழியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, ஆறிவிட்டுப் போகும் நிலை வயதால் மட்டும் வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆண்களிடம் இது பிந்தித் தெரியவருவது ஏன் என்றால், மூச்சு குறையக் குறைய அவர்கள் தம் வாழ்க்கையை அதற்குள் அடக்கிக்கொள்கிறார்கள். கொச்சிக்கடை வரை நடந்து போனவர் ஓட்டோ பிடிப்பார். சந்தைக்குப் பையோடு போனவர் மருமகளை அனுப்புவார். இரண்டு வேலையை ஒரே தடவையில் முடித்துக்கொண்டு படியேறுவதை மிச்சம் பிடிப்பார். இப்படி ஓடி, ஒரு நாள் நிற்கும்போது பாதி சக்தி போயிருக்கும். "முன்னே செய்த எதை இப்போது செய்வதில்லை?" என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுடையதை விடச் சரியாக இருக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். காற்றுக் குழாய்கள் வருடக்கணக்கில் புண்பட்டுத் தடித்து, சளி கூடி, உள்ளே காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் அழிந்துபோகும் நோய் இது. இழுக்கிற மூச்சை விட வெளியே விடுகிற மூச்சுதான் இதில் சிரமப்படும். பழைய காற்று உள்ளே தங்கிவிடுவதால் புதியது போக இடம் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் 35 இலட்சம் பேர் இறந்தார்கள். உயிரிழப்புக் காரணங்களில் இது நான்காவது. கடிதத்தைப் பார்த்து "இதுதான்" என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இனி சிகரட். நாங்கள் இதைக் கணக்குப் போடும் விதம்: ஒரு நாளுக்கு 20 சிகரட் கொண்ட ஒரு பெட்டியை ஒரு வருடம் பிடித்தால் அது ஒன்று. நீங்கள் நாளுக்குப் பத்து, அதாவது அரைப் பெட்டி, 18 வயதிலிருந்து 61 வரை 43 வருடம். 21க்கும் கொஞ்சம் மேலே வருகிறது. பத்தைத் தாண்டினாலே இந்த நோயைத் தேடிப் பார்ப்போம். ஆகவே உங்கள் கணக்கில் சிகரட்டுக்குத்தான் பெரிய பங்கு, அதில் சந்தேகமில்லை. உங்கள் வயதுக்காரர் சிலர் "நான் சிகரட் இல்லை, பீடிதான்", "யாழ்ப்பாணச் சுருட்டுதான், புகையை உள்ளே இழுக்கிறதில்லை" என்று சொல்வார்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் புகை இன்னும் ஆழமாகத்தான் போகும். சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. விலையும் அளவும் குறைவு என்பதால் கெடுதலும் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

"விட்ட பிறகும் ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டதால் என்ன கிடைத்தது என்று சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இலேசான, நடுத்தரமான அடைப்பு இருந்த சிகரட் பிடிப்பவர்களை 11 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தொடர்ந்து பிடித்த ஆண்களுக்கு அந்த ஒரு வினாடிக் காற்று வருடத்துக்குச் சுமார் 66 மில்லிலீற்றர் குறைந்தது. விட்டவர்களுக்கு 30 மட்டும்தான், அதாவது பிடிக்காதவர்களுக்குக் குறைவது போலத்தான். அழிந்துபோன காற்றறைகள் திரும்பி வருவதில்லை. அதனால்தான் விட்ட பிறகும் மூச்சு வாங்குகிறது. ஆனால் சரிவின் வேகம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இந்த ஆறு வருடத்தில் நீங்கள் காப்பாற்றியது சுமார் 200 மில்லிலீற்றராக இருக்கலாம். விடாமல் இருந்திருந்தால் இன்று முதல் மாடியிலேயே நின்றிருப்பீர்கள். 61 வயதில், 43 வருடப் பழக்கத்தை ஒரேயடியாக விட்டது சின்ன விஷயமில்லை, ஐயா.

அப்புறம் உங்கள் சிநேகிதர். சிகரட் பிடிக்கிற எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை என்பது உண்மை. அவர் நடந்து திரிவதால் நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. சிகரட் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் செய்வது வேறு கணக்கு. ஆனாலும் இரண்டு பேர் ஒரே அளவு பிடிக்க, ஒருவருக்கு மூச்சு போய் மற்றவருக்கு ஏன் போகவில்லை என்பது நியாயமான கேள்விதான். பரம்பரைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மற்றப் பெரிய பங்கு சிறு வயதில் இருக்கிறது. இதைத்தான் நம்மவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

நுரையீரல் இருபது வயதைத் தாண்டும் வரை வளர்கிறது. அந்தக் காலத்தில் நிறை குறைந்து பிறந்த பிள்ளை, சாப்பாடு போதாமல் வளர்ந்த பிள்ளை, இரண்டு மூன்று தடவை நியூமோனியா கண்ட பிள்ளை, விறகடுப்புப் புகைக்குள் தூங்கி எழும்பிய பிள்ளை, இவர்களின் நுரையீரல் வளர வேண்டிய அளவுக்கு வளர்வதில்லை. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், பின்னாளில் இந்த அடைப்பு நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இளவயதிலேயே குறைந்த நுரையீரல் சக்தியோடு தொடங்கியவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு வேகமான சரிவுகூட ஏற்படவில்லை. தொடங்கிய இடமே தாழ்வு. குறைந்த கைமுதலோடு திறந்த கடை சின்ன நட்டத்துக்கே மூடப்படுவது மாதிரி. 1960களில் ஒரு லயன் அறையில், சமையலும் படுக்கையும் பக்கத்துப் பக்கத்தில், புகை போக வழியில்லாத கூரைக்குக் கீழே வளர்ந்த ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அது நீங்கள் தேடிக்கொண்டது இல்லை. உங்கள் அம்மாவும் தேடிக்கொண்டதில்லை. வறுமைதான் இந்த நோயின் மிகப் பழைய காரணங்களில் ஒன்று. மருந்துச் சீட்டில் அது வராது, ஆனால் நுரையீரலில் இருக்கும்.

அடுத்தது 29 வயதில் வந்த காசநோய். மருந்தை முழுவதும் எடுத்து முடித்தீர்கள், கிருமி போய்விட்டது, நல்லது. ஆனால் காசநோய் ஆறிய இடத்தில் தழும்பு விழும், காற்றுக் குழாய்கள் சுருங்கும், சில இடத்தில் விரிந்து சளி தேங்கும். சிகரட் பிடிக்காதவர்களுக்குக்கூடப் பழைய காசநோய் பிற்காலத்தில் மூச்சடைப்பைக் கொண்டுவரும். நாட்டில் அதிகமான காசநோயாளர்கள் கண்டறியப்படுவது கொழும்பு மாவட்டத்தில்தான். ஆகவே வட கொழும்பில் உங்கள் வயதுக்காரர் பலருக்கு இந்த இரண்டும் சேர்ந்திருக்கும். கிளினிக்கில் இதைச் சொல்ல மறக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். பழைய எக்ஸ்ரேயோ கார்ட்டோ இருந்தால் கொண்டுபோங்கள். இன்னொன்று: ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். வழக்கமான இருமலை விட மாறுபட்ட இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம்.

ஸ்டோரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். நான்காம் குறுக்குத் தெருவில் காலையில் லொறி வந்து நின்றதும் நாட்டாமிமார் மூட்டைகளை முதுகில் ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். செத்தல் மிளகாய் மூட்டை நிலத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் சாக்கின் தையல் வழியே ஒரு சிவப்புத் தூசி எழும்பும். தெருவில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுவார். உள்ளே இருப்பவருக்குக் கொஞ்ச நாளில் தும்மல்கூட வராது, பழகிவிட்டது என்று நினைப்பார். மூக்குத்தான் பழகும், நுரையீரல் பழகுவதில்லை. மிளகாய்த் தூசி, மல்லித் தூசி, மாவு, சாக்குத் தும்பு, பழைய பருப்பு மூட்டையின் பூஞ்சணம், இவை எல்லாம் ஜன்னல் இல்லாத நீளமான ஸ்டோரில் மணிக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும். 45 வருடம் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறீர்கள். உலகளவில் இந்த நோயின் சுமையில் ஏறத்தாழ 14 வீதம் வேலைத்தளத் தூசியாலும் புகையாலும் வருகிறது என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். ஒருபோதும் சிகரட் பிடிக்காத நோயாளர்களை மட்டும் எடுத்தால் அது 31 வீதம்வரை போகிறது.

உங்கள் மைத்துனருக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு சின்னப் பட்டறையில் காலையிலிருந்து இரவு வரை தீயை ஊதி, கரிப் புகைக்கும் அசிட் ஆவிக்கும் நடுவில் குனிந்து வேலை செய்தவர் அவர். சிகரட் அவர் வாயில் இல்லை, ஆனால் புகை முகத்துக்கு நேரே இருந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். "நான் சிகரட் பிடிக்கிறதில்லை" என்று சொன்னதும் வைத்தியர் வேறு பக்கம் திரும்பிவிடாமல், செய்த வேலையை முதல் வரியிலேயே சொல்லச் சொல்லுங்கள். டைல் வெட்டியவர், சீமெந்து கலந்தவர், வெல்டிங் செய்தவர், மரத்தூள் மில்லில் நின்றவர், வாகனத்துக்குப் பெயின்ட் அடித்தவர் எல்லோருக்கும் இதையே சொல்வேன். இன்னும் வேலையில் இருக்கிற இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: துணி மாஸ்க்கும் நீல மாஸ்க்கும் நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்95 வகைதான் பிரயோசனப்படும், அதுவும் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அதை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் முதலாளி.

இப்போது வீட்டுக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் நாலில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமையல். கொழும்பில் காஸ் அதிகம் என்றாலும், 2022இல் காஸ் வரிசையில் நின்று களைத்தவர்கள் தொடர்மாடி பல்கனியில்கூட விறகு வைத்தார்கள், மண்ணெண்ணெய் அடுப்பைத் தூசு தட்டி எடுத்தார்கள். விலை கூடியதால் சிலர் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். அடுப்புப் புகை பெண்களின் பிரச்சினை என்று ஆண்கள் நினைக்கிறார்கள். அதிகம் பாதிக்கப்படுவது அவர்கள்தான், உங்கள் மனைவிக்கும் இருமல் இருந்தால் அதையும் கவனியுங்கள். ஆனால் ஓய்வு பெற்ற ஆண் இப்போது பகல் முழுக்க அதே வீட்டில் இருக்கிறார். புகைக்கு யார் சமைக்கிறார் என்று தெரியாது.

பின்னேரம் கதவைச் சாத்திவிட்டுக் கொளுத்தும் நுளம்புச் சுருளையும் சேர்க்க வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வீட்டில் சிகரட் இல்லை என்று சந்தோஷப்படுகிறோம், கட்டிலுக்குக் கீழே சுருள் புகைந்துகொண்டிருக்கிறது. டெங்கு ஊரில் நுளம்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், இரவில் நுளம்பு வலைக்குள் படுங்கள், பூச்சாடித் தட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சாம்பிராணி போட வேண்டிய வெள்ளிக்கிழமையில் நீங்கள் பல்கனியில் இருங்கள், புகை போனதும் உள்ளே வரலாம்.

வெளிக்காற்றைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊருக்குக் கடற்காற்று ஒரு வரம். ஆனால் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும்போது இந்தியத் துணைக்கண்டத்தின் தூசியும் புகையும் இங்கே வந்து சேரும். 2022 டிசம்பரில் கொழும்பு முழுக்க மங்கலாக நின்றதும், பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டதும் நினைவிருக்கும். அப்படியான நாட்களில் காலை நடையை விட்டுவிட்டு வீட்டுக்குள் நடங்கள். மற்ற நாட்களில் பஸ் ஓடும் பெரிய தெருவைத் தவிர்த்து, காலிமுகத்திடல் போலக் கடற்கரைப் பக்கம் போக முடிந்தால் நல்லது.

தொய்வா என்று கேட்டீர்கள். தொய்வு பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும், வரும் போகும், நடுவில் நல்ல நாட்கள் இருக்கும், இரவிலும் விடியற்காலையிலும் விசில் சத்தத்தோடு எழுப்பும். உங்களுடையது 65க்குப் பிறகு மெல்ல வந்து, திரும்பிப் போகாமல் நிற்கிறது. ஆகவே தொய்வாக இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. ஒழுங்காக மருந்து எடுக்காத தொய்வு பல வருடத்தில் நிரந்தர அடைப்பாக மாறவும் கூடும்.

மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும்தான் காரணம் என்றும் இருந்துவிடக் கூடாது. இதயம் பலவீனமானாலும், இரத்தம் குறைந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். கால் வீங்கினால், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டியிருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சளியில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைவது, குரல் மாறி அப்படியே இருப்பது, இதில் எது இருந்தாலும் நாள் கடத்தாமல் போங்கள். நீங்கள் பிடித்த அளவுக்கு நுரையீரல் புற்றுநோயையும் மனதில் வைத்துத்தான் எக்ஸ்ரே எடுப்போம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், உதடு நீலமானால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சரி, பரிசோதனை. அதன் பெயர் ஸ்பைரோமெட்ரி. எக்ஸ்ரே சரியாக இருப்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகாது, ஊதித்தான் பார்க்க வேண்டும். கொழும்பு மத்திய மார்பு நோய் கிளினிக், தேசிய வைத்தியசாலை, வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை போன்ற அரச இடங்களில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முதலில் உங்கள் வழக்கமான வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் ஒரு கிளிப் போடுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுகப் பிடித்து, வெடித்தது போல ஒரே மூச்சில் ஊத வேண்டும். அதோடு முடிந்துவிடாது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தோன்றிய பிறகும் ஆறு வினாடியாவது தொடர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "பிம்பின்ன, பிம்பின்ன" (சிங்களத்தில் "ஊதுங்கள்") என்று உரத்துச் சொல்வார், கோபிக்கிறார் என்று நினைக்க வேண்டாம், அப்படிச் சொன்னால்தான் கடைசித் துளி வரை வரும். மூன்று தடவையாவது ஊத வேண்டியிருக்கும். தலை இலேசாகச் சுற்றினால் சொல்லுங்கள், நிறுத்தி ஆறவிடுவார்கள். பிறகு பம்ப் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். முழு மூச்சில் வெளியேறிய காற்றில் முதல் வினாடியில் எவ்வளவு வந்தது என்று பார்ப்போம். மருந்துக்குப் பிறகும் அது 70 வீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. அண்மையில் கண்ணில் வெள்ளை எடுத்திருந்தாலோ, மாரடைப்பு வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். பலமாக ஊதுவதற்குச் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கும்.

பம்ப் பயத்தை இந்த ஊரில் இன்னும் விரட்ட முடியவில்லை. சல்புடமோல் பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் குளிசையில் இருப்பது அதைப்போல 40 மடங்கு. குளிசை வயிற்றுக்குப் போய், உடம்பு முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, பிறகு கொஞ்சம் நுரையீரலுக்கு வரும். பம்ப் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. அதில் அடிமைப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. நோய் நீடிப்பதால்தான் மருந்தும் நீடிக்கிறது, பிரஷர் குளிசை மாதிரித்தான். பலருக்குப் பம்ப் வேலை செய்யாததற்குக் காரணம் பாவிக்கும் விதம். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராமல் மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் என்ற குழலைப் போட்டு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கினால் அந்தக் கஷ்டம் இல்லை. ஸ்டெரொய்ட் கலந்த பம்ப் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பம்ப்பை இரவல் வாங்க வேண்டாம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் பார்மசியில் பிரெட்னிசொலோன் குளிசை வாங்கிப் போடும் பழக்கத்தையும் தொடங்க வேண்டாம். அது சீனி வருத்தத்தையும் எலும்புத் தேய்வையும் கொண்டுவந்து வைக்கும்.

மருந்து தொடங்கியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சு வாங்கும் என்ற பயத்தில் நடக்காமல் இருந்தால் கால் தசை வற்றும். வற்றிய தசை இன்னும் அதிக மூச்சைக் கேட்கும். தினமும் சம தரையில், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடங்கள். படியேறும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவதுதான் நம் வழக்கம். அதை மாற்றி, நின்று மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறுங்கள், மறுபடியும் இழுங்கள். வருடாந்த இன்ஃப்ளுவென்சா தடுப்பூசியையும் நியூமோனியாத் தடுப்பூசியையும் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு சாதாரண காய்ச்சல் உங்கள் நுரையீரலை ஒரு படி கீழே இறக்கிவிட்டுப் போகலாம்.

கடைசியாக மகன். "நீங்க பிடிக்கலையா" என்று கேட்டால் கோபப்படாமல் "பிடித்தேன், அதனால்தான் இரண்டாம் மாடியில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். அதோடு ஒரு கணக்கையும் சொல்லுங்கள். பிரித்தானிய வைத்தியர்களை 50 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 60 வயதில் சிகரட்டை விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களை விட ஆயுளில் சுமார் 3 வருடம் கூடுதலாகக் கிடைத்தது. 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் 9, 30இல் விட்டவர்களுக்குச் சுமார் 10. உங்களுக்குக் கிடைத்தது 3 என்றால், 34 வயது மகனுக்கு அதைப்போல மூன்று மடங்கு காத்திருக்கிறது. நீங்கள் ஊதப் போகும் நாளில் அவரையும் கூட்டிப் போய், அவரையும் ஊத வைக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 2008இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், சிகரட் பிடிப்பவர்களிடம் "உங்கள் நுரையீரலுக்கு இத்தனை வயது" என்று சொன்னபோது அதை விட்டவர்களின் தொகை இரு மடங்காகியது. தனியாக விடுவது கஷ்டமாக இருந்தால் 1948க்கு அழைக்கச் சொல்லுங்கள். புகைத்தலை விட உதவுவதற்கென்றே உள்ள இலக்கம் அது.